கம்ப்யூட்டருக்கு வைத்த மாற்றுப்பெயர்

இந்த எபிசோடில் ஒரு பெயரிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஏ.எல்.பி.எம். விரித்துச் சொன்னால் ‘அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்’. 1980களில் நம்ம ஊர் வங்கிகளுக்குள் நுழைந்த ஒரு இயந்திரம். கீபோர்டு இருக்கும், திரை இருக்கும், உள்ளே மைக்ரோபிராசசர் இருக்கும். பக்கத்தில் பிரிண்டர் இருக்கும். இதையெல்லாம் கேட்டால் நீங்க என்ன சொல்வீங்க? கம்ப்யூட்டர் அப்படின்னுதானே? ஆனால் வங்கிக்குள் அதை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை. லெட்ஜர் எழுதுகிற மெஷின், கொஞ்சம் மேம்பட்ட மெஷின், அவ்வளவுதான்.

ஒரு பொருளை அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு நாடே ஏன் தயங்கியது? அந்தத் தயக்கத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இன்றைக்குப் பேசப்போவது இதுதான்.

முதலில் அந்தக் காலத்து வங்கிக் கிளை எப்படி இருந்தது என்று பார்ப்போம். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பணம் எடுக்க செக்கைக் கவுன்ட்டரில் கொடுத்தால், ஒரு பித்தளை டோக்கன் கையில் வரும். செக் உள்ளே போகும். ஒரு கிளார்க் தடிமனான லெட்ஜரைப் புரட்டி, உங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்து, கையால் பற்று எழுதி, மீதியைக் கழித்துப் போடுவார். அப்புறம் அது ஆபீசர் மேஜைக்குப் போகும். அவர் கையெழுத்தைச் சரிபார்த்து பாஸ் பண்ணுவார். அப்புறம்தான் கேஷியர் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார். அதுவரை பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

வட்டிக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. அதாவது, கணக்கில் 5,000 ரூபாய் இருக்கிறது. 15ஆம் தேதி 4,000 எடுத்துவிட்டு, அடுத்த நாளே திரும்பப் போட்டுவிட்டீர்கள். அந்த மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மட்டும்தான் வட்டி! தினசரி இருப்பை வைத்துக் கணக்குப் போடுவதென்றால், ஆயிரக்கணக்கான கணக்குகளுக்குக் கையால் முடியாது. அதனால் கைக்கு எளிதான விதி நின்றுபோனது. தினசரி இருப்புக்கு வட்டி என்பது 2010 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தத் தேதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க. திரும்ப வருவோம்.

இந்தக் கைவேலை எந்த அளவுக்குப் பெருகியது என்றும் பார்க்கணும். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. அப்போது நாடு முழுக்க வங்கிக் கிளைகள் எட்டாயிரத்துச் சொச்சம். 1990 வாக்கில் சுமார் அறுபதாயிரம். கணக்குகளும் செக்குகளும் டிராஃப்டுகளும் அதைவிட வேகமாகப் பெருகின. லெட்ஜர் மட்டும் அதே லெட்ஜர்.

அப்படின்னா கம்ப்யூட்டரை ஏன் வேண்டாம் என்றார்கள்? இங்கே பலரும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்: ‘சங்கங்கள் முன்னேற்றத்துக்கு எதிரி.’ அது அவ்வளவு எளிது இல்லை.

1960களுக்குப் போவோம். எல்.ஐ.சி. நிறுவனம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கம்ப்யூட்டர் வைக்க முடிவு செய்தது. கல்கத்தாவில் ‘இலாகோ ஹவுஸ்’ என்ற கட்டிடத்தில் அது வருவதாக இருந்தது. இயந்திரம் உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஊழியர்கள் அங்கே முறைவைத்து இரவும் பகலும் காவல் நின்றார்கள். இன்சூரன்ஸ் ஊழியர் இயக்கத்தின் வரலாற்றில் இன்றைக்கும் பெருமையோடு சொல்லப்படும் போராட்டம் அது. விஷயம் பெரிதாகி, மத்திய அரசே ஆட்டோமேஷனைப் பற்றி ஆராய, பொருளாதார அறிஞர் வி.எம். தாண்டேகர் தலைமையில் ஒரு குழு போட்டது. 1972இல் அறிக்கை வந்தது.

அந்தக் காலத்து நாட்டு நிலைமையை நினைத்துப் பாருங்க. பட்டம் வாங்கிவிட்டு எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். வேலையில்லாத படித்த இளைஞர்களை மையமாக வைத்து கே. பாலசந்தர் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ எடுத்தது 1980இல். அப்படிப்பட்ட நேரத்தில் பேங்க் உத்தியோகம் என்றால் என்ன மதிப்பு! கல்யாணச் சந்தையில் ‘பையன் பேங்க்ல இருக்கான்’ என்ற ஒரு வாக்கியம் போதும். பத்துப் பேர் வேலையை ஒரு மெஷின் செய்யும் என்று அந்தக் குடும்பங்களிடம் சொன்னால், அவர்கள் கைதட்டுவார்களா? பயந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, 1983க்கு வருவோம். அந்த வருஷம் ரிசர்வ் வங்கி ஒரு குழுவை அமைத்தது. தலைவர், அப்போது துணை கவர்னராக இருந்த சி. ரங்கராஜன். நம்ம அரியலூரில் பிறந்தவர், பின்னாளில் ரிசர்வ் வங்கி கவர்னர் ஆனவர். 1984இல் அறிக்கை வந்தது. அந்தக் குழு வங்கித்துறையின் ‘மெக்கனைசேஷன்’ பற்றிய குழு, அதாவது இயந்திரமயமாக்கல். 1988இல் அதே ரங்கராஜன் தலைமையில் இன்னொரு குழு, அறிக்கை 1989இல். இதன் பெயர், வங்கிகளில் ‘கம்ப்யூட்டரைசேஷன்’ பற்றிய குழு. நபர் மாறவில்லை, வேலையும் கிட்டத்தட்ட அதுதான். அந்தச் சொல்லைத் தலைப்பில் போட ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது!

முதல் குழு வேலையைத் தொடங்கிய அதே காலத்தில், 1983 செப்டம்பர் 8 அன்று, இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எல்லாச் சங்கங்களும் இதில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடணும். ஒரு வங்கிக்கு எத்தனை கிளைகள் இருக்கிறதோ, அதைப் பொறுத்து இத்தனை மெஷின்தான் வைக்கலாம் என்று உச்சவரம்பு போட்டார்கள். இயந்திரத்துக்கு ரேஷன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதை இயக்க, இருக்கிற ஊழியர்களுக்கே பயிற்சி கொடுக்கணும். இயக்குபவருக்குத் தனி அலவன்ஸ். இதனால் யாருக்கும் வேலை போகக் கூடாது.

இதைத் தடை என்று சொல்வதைவிட, பேரம் என்று சொல்வது சரியாக இருக்கும். நிர்வாகத்துக்கு மெஷின் உள்ளே வந்தால் போதும். சங்கத்துக்கு ஆட்கள் வெளியே போகாமல் இருந்தால் போதும். நடுவில் யாரும் சங்கடப்படாமல் இருக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. ஏ.எல்.பி.எம். அந்த வேலையைச் செய்தது. ‘கம்ப்யூட்டரை எதிர்ப்போம்’ என்று கோஷம் போட்ட தலைவரும், மறுநாள் ‘லெட்ஜர் மெஷின்’ முன்னால் தன் ஊழியர் உட்காருவதை ஏற்றுக்கொள்ள முடிந்தது. 1987 மார்ச் 29இலும், 1993 அக்டோபர் 29இலும் அடுத்தடுத்த ஒப்பந்தங்கள் வந்து, கதவு இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

இதே நேரத்தில் வங்கிக்கு வெளியே என்ன நடந்தது? 1986இல் டெல்லியில் ரயில்வே முன்பதிவு கம்ப்யூட்டருக்கு மாறியது. எந்தக் கவுன்ட்டரில் நின்றாலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் என்றதும், மக்கள் மனசு மாற ஆரம்பித்தது. 1980களின் பின்பாதியில் நான்கு பெருநகரங்களிலும் செக் கிளியரிங் மெஷினுக்குப் போனது. வீடுகளுக்குள்ளும் ஒரு வேடிக்கை நடந்தது. அப்பா கிளையில் மெஷினுக்கு எதிராகக் கருப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்ப்பார். சாயங்காலம் மகனைக் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்க்க ஃபீஸ் கட்டப் போவார். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. இன்றைய சம்பளத்தையும் காப்பாற்றணும், நாளைய சம்பளத்துக்கும் வழி பார்க்கணும். இரண்டும் ஒரே பயத்திலிருந்து வருவதுதான்.

கதை முடிந்த விதம் நமக்குத் தெரியும். 1993இல் ரிசர்வ் வங்கி புதிய தனியார் வங்கிகளுக்கு வழிவிட்டது. அவை முதல் நாளிலிருந்தே கம்ப்யூட்டரோடு பிறந்தவை. அங்கே பேரம் பேச யாரும் இல்லை. அரசு வங்கிகள் முழித்துக்கொண்டன. 1998இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் என். விட்டல் ஓர் உத்தரவு போட்டார்: 2001 ஜனவரி 1க்குள் வங்கித் தொழிலில் 70 சதவீதத்தையாவது கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரணும். ஊழலைத் தடுக்கிறவர் ஏன் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினார்? கைலெட்ஜரின் தாமதத்தில் மோசடி ஒளிந்துகொள்ளும். 1992 பங்குச்சந்தை ஊழலிலேயே அதைப் பார்த்துவிட்டோம். அரசுக் கடன்பத்திரங்களின் பதிவேடு அப்போது கையால் எழுதப்பட்டது. யாரிடம் எவ்வளவு பத்திரம் இருக்கிறது என்று உடனே தெரியாத அந்த இடைவெளியும் மோசடிக்கு உதவியது.

இப்போது கணக்குப் பார்ப்போம். பயந்தது நடந்ததா?

உள்ளே இருந்தவர்களுக்கு நடக்கவில்லை. கம்ப்யூட்டர் வந்ததால் அரசு வங்கிகள் ஆட்குறைப்பு செய்து யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 2000–01இல் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள், உண்மை. ஆனால் அது விருப்ப ஓய்வு. கையில் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வகையில் சங்கங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றின. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் வெளியே நின்றவர்கள்? ஒன்று, வாடிக்கையாளர். பெஞ்சில் உட்கார்ந்து கழித்த மணிநேரங்களும், 10ஆம் தேதி விதியில் போன வட்டியும் அவருடையவை. மெஷின் வந்த பிறகும் அந்த விதி 2010 வரை நீடித்தது. ஆக, குற்றம் சங்கத்தின் மேல் மட்டும் இல்லை. கணக்குப் போட முடிந்த பிறகும் கொடுக்காமல் இருந்தது வங்கிகள். இரண்டு, வேலைக்குக் காத்திருந்தவர். 1990களில் கிளார்க் வேலைக்கு ஆள் எடுப்பது சுருங்கிக்கொண்டே போனது. 2001இல் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்களே கலைக்கப்பட்டன. இதற்குப் பொருளாதாரச் சீர்திருத்தம் உட்படப் பல காரணங்கள் உண்டு, கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, பொது அறிவுப் புத்தகம் மனப்பாடம் செய்து, வயது வரம்பு தாண்டிப்போன எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் யாரும் வேலையை இழக்கவில்லை. அந்த வேலை அறிவிப்பே வரவில்லை. வராத அறிவிப்புக்கு எதிராக எப்படி ஸ்ட்ரைக் பண்ணுவது?

இந்த வரலாறு எனக்குச் சொல்வது இதுதான். ஒரு தொழில்நுட்பம் வரும்போது நிபந்தனை போடுவது தவறு இல்லை. நிபந்தனை போடும் மேஜையில் யாருக்கு நாற்காலி இருந்தது என்று பார்க்கணும். 1983இல் நிர்வாகத்துக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஒன்று. வாடிக்கையாளருக்கும் அடுத்த தலைமுறைக்கும் நாற்காலி போடவில்லை.

இப்போது ஏ.ஐ. வந்திருக்கிறது. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து ஓர் ஒப்பந்தம் வாங்கினார்கள். ஏ.ஐ.யைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது, ஏ.ஐ. எழுதியதைக் கையில் கொடுத்தால், அதைச் சொல்லித்தான் கொடுக்கணும். நம்ம 1983 ஒப்பந்தம் மாதிரியே இதுவும் தடை இல்லை, பேரம்தான். அது காப்பாற்றுவதும் உள்ளே இருக்கிறவர்களைத்தான். இன்னும் முதல் வாய்ப்பே கிடைக்காத எழுத்தாளருக்கு அதில் என்ன இருக்கிறது?

நம்ம ஊரில் ஐ.டி. கம்பெனிகளிலும் இதே கேள்வி இருக்கிறது. ‘இருக்கிறவர்களை அனுப்பமாட்டோம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால் நிம்மதியாகத்தான் இருக்கும். அப்போது கூடவே ஒன்று கேளுங்க: இந்த வருஷம் காலேஜ் கேம்பஸில் எத்தனை பேரை எடுக்கப்போறீங்க?

உங்கள் வீட்டில் அந்தக் காலத்து வங்கி ஊழியர் யாராவது இருந்தால், ஏ.எல்.பி.எம். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்க. முதல் நாள் அதன் முன்னால் உட்கார்ந்த கதை அவர்களிடம் நிச்சயம் இருக்கும். எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.