கற்பிக்க இயலாதோர் எனப்பட்டோர்

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பாடசாலைகளின் பெருக்கத்தையும் பட்டதாரிகளின் தொகையையும் விரிவாகக் கூறுவர். பாடசாலை வாயிலிலே திருப்பி அனுப்பப்பட்டோரைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. மூளை வளர்ச்சியிற் பிறவிக் குறைபாடுற்ற பிள்ளைகள் அவ்வாறு அனுப்பப்பட்டோருள் அடங்குவர். இவர்களுக்கு மொழி வராது. மொழி வராத இடத்தில் அறிவு வளராது. ஆகவே கல்வி வீண் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். இந்நியாயம் எவ்வாறு நிலைபெற்றது, எவ்வாறு தகர்ந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

1800ஆம் ஆண்டில், தென் பிரான்சின் அவெரோன் பகுதியிற் காட்டில் அலைந்து பிடிபட்ட பேச்சறியாச் சிறுவன் ஒருவன் பாரிஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டான். புகழ்பெற்ற மனநோய் வைத்தியரான பினெல், அவன் தேறாத பேதை என முடிவு கட்டினார். இளம் வைத்தியரான இத்தார் அம்முடிவை ஏற்கவில்லை. விக்டர் எனப் பெயரிட்டு, காதுகேளாதோர் கல்விக்கூடத்தில் வைத்துப் பல ஆண்டுகள் கற்பித்தார். எழுத்துக்களை அடுக்கிப் 'பால்' என்னும் பொருள்தரும் சொல்லை அமைக்கவும், எழுதிய சொற்களைப் படித்துப் பொருள்களை எடுத்துவரவும் அவன் கற்றான். ஆயினும் பேச்சு வரவில்லை. ஈண்டு ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். அக்கல்விக்கூடத்து மாணவர் சைகையால் உரையாடிக்கொண்டிருந்தனர். விக்டருக்கோ வாய்ப்பேச்சே இலக்காக வைக்கப்பட்டது. சைகை மொழி கற்பிக்கப்படவில்லை. மொழி என்பது எது என ஆசிரியர் கொண்ட கருத்தும் மாணவனின் எல்லையை வகுத்துவிடுகிறது.

ஒரு நூற்றாண்டின் பின், 1905இல், பிரெஞ்சு உளவியலாளரான பினே, சிமோன் என்பாருடன் சேர்ந்து அறிவை அளக்கும் சோதனையொன்றை வகுத்தார். வகுப்பிற் பின்தங்கும் பிள்ளைகளுள் தனிக்கவனம் வேண்டுவோர் யாவர் எனக் காண்பதே அதன் நோக்கம். அறிவு கூட்டவியலாத நிலையான அளவு என்ற கொள்கையை 1909இல் வெளியிட்ட நூலில் அவர் வன்மையாகக் கண்டித்தார். ஆனால், உதவி வேண்டுவோரைக் காணப் பிறந்த அளவுகோல், விரைவிலேயே மனிதரைத் தரம்பிரித்து ஒதுக்கும் கருவியாயிற்று. இங்கிலாந்தில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் மூளை வளர்ச்சி குன்றியோரை நான்கு இனங்களாக வகுத்து, விடுதிகளில் அடைத்துவைக்க வழிசெய்தது. அனைவருக்கும் இடைநிலைக் கல்வி எனப் பாராட்டப்பட்ட 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், 'கற்பிக்க இயலாதோர்' எனக் கணிக்கப்பட்ட பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளியே நிறுத்திச் சுகாதாரப் பகுதியினரிடம் ஒப்படைத்தது. 'அனைவர்' என்ற சொல்லுள் இவர்கள் அடங்கவில்லை.

சோவியத் நாட்டில் வைகோட்ஸ்கி 1920களில் வேறொரு கருத்தை முன்வைத்தார். உடலிலுள்ள மூலக் குறைபாடு ஒன்று. சமூக உறவிலிருந்து பிள்ளை துண்டிக்கப்படுவதனால் அதன்மேல் வளரும் குறைபாடு மற்றொன்று. பின்னதைக் கல்வியினால் தடுக்கலாம் என்றார் அவர். மனிதரிடையே நிகழும் உரையாடலே பின்னர் உள்ளத்துள் சிந்தனையாகிறது என்பது அவர் துணிபு. 1934இல் அவர் மறைந்தார். 1936இல் குழந்தையியலுக்கு எதிராகப் பிறந்த ஆணையின் பின், அவர் எழுத்துக்கள் அந்நாட்டிலேயே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தன என்பதையும் நாம் மறைத்தலாகாது.

பிள்ளையின் சூழலை மாற்றினால் மொழி வளருமா என்பதை இங்கிலாந்தில் ஜாக் டிசார்ட் சோதித்துக் காட்டினார். 1958இல், லண்டன் பவுண்டன் வைத்தியசாலையிலிருந்த பிள்ளைகளுள் 16 பேரை, சரே மாகாணத்தில் புரூக்லண்ட்ஸ் என்னும் வீட்டிற் குடியமர்த்தினார். வயதிலும் அறிவளவிலும் இவர்களை ஒத்த வேறு 16 பேர் வைத்தியசாலையிலேயே தங்கினர். அங்கே பெரிய விடுதிகள். ஊட்டுவதும் உடுத்துவதும் கழுவுவதுமே தாதியரின் பொழுதையெல்லாம் விழுங்கின. புரூக்லண்ட்ஸிலோ பிள்ளைகள் சிறு குழுக்களாக வாழ்ந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் தாய்போன்ற ஒருவர் இருந்தார். பாலர் பாடசாலைகளிற்போல விளையாட்டும் கதையும் பேச்சும் அன்றாட வாழ்வாயின. மருந்து எதுவும் புதிதாகக் கொடுக்கப்படவில்லை. ஈராண்டுகளின் பின் மொழியாற்றலை வயதுக் கணக்கில் அளந்தபோது, வைத்தியசாலைப் பிள்ளைகள் சராசரியாக 6 மாதங்களும், புரூக்லண்ட்ஸ் பிள்ளைகள் 14 மாதங்களும் வளர்ந்திருந்தனர். ஓயாது அழுதவர்களும் ஒன்றுகூடி விளையாடத் தொடங்கினர்.

இதனைக் கொண்டு உயிரியற் காரணங்களை நாம் மறுக்கவில்லை. டவுன் நோய்க்குறி உடையோரிடம் ஒரு நிறமூர்த்தம் மிகையாக இருப்பது 1959இல் வெளியாயிற்று. அதனைக் கதையும் விளையாட்டும் அகற்றமாட்டா. புரூக்லண்ட்ஸ் பிள்ளைகளும் தம் வயதொத்தோரை எட்டிப் பிடிக்கவில்லை. ஈராண்டில் 14 மாத வளர்ச்சி என்பது சாதாரண வளர்ச்சிக்குக் குறைந்ததே. ஆனால் 14க்கும் 6க்கும் இடைப்பட்ட எட்டு மாதங்கள் நோயினால் இழந்தவை அல்ல, விடுதியினால் இழந்தவை. 1970இல் இயற்றப்பட்டு 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும் எப்பிள்ளையும் கல்விக்குப் புறம்பானதல்ல என ஆக்கிற்று.

வகுப்பறையின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து 'இவனுக்கு ஏறாது' என்று சொல்வது எளிது. அப்பிள்ளையோடு நாள்தோறும் பேசுவோர் யார், எத்தனை பேருக்கு ஓர் ஆசிரியர் உள்ளார், வாயாற் பேசாத பிள்ளைக்கு வேறு வழி திறக்கப்பட்டதா என்பவற்றை ஆசிரியராகிய நாம் முதலில் விசாரிப்போமாக. அவ்விசாரணைக்கு முன் தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கில்லை.