பொம்மை வீட்டுப் பேய் விருந்து: குறுவடிவ உணவின் வரலாறு

பொம்மை வீட்டு மேசையில் வைப்பதற்காக, உண்மையான உணவைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யும் கைவினை குறுவடிவ உணவுக் கலை எனப்படுகிறது. விரல் வடிவ பிஸ்கட், கண்விழி மிதக்கும் சூப், மண்டையோட்டு ரொட்டி, சிலந்தி ஏறிய கேக் என அச்சமூட்டும் பண்டங்களைச் செய்வது இதன் ஒரு பிரிவாகும். அக்டோபர் 31 அன்று கொண்டாடப்படும் ஹாலோவீனையொட்டி இவை மிகுதியாகச் செய்யப்படுகின்றன. இன்று இவற்றுக்கான முதன்மையான மூலப்பொருள் பாலிமர் களிமண். விளையாட்டுப் பொருளில் சாவின் சாயலைக் கலப்பது இக்காலத்தின் விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால், உண்ண முடியாத சிற்றுணவுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது.

இறந்தவர்களுக்கான உணவு

பண்டைய எகிப்தியர் இறந்தவருக்கு மறுமையிலும் உணவு தேவை என நம்பினர். படைக்கும் உணவு கெட்டுவிடும் என்பதால், உணவு தயாராகும் இடங்களையே சிறிய உருவங்களாகச் செய்து கல்லறையில் வைத்தனர். மெகெத்ரே என்னும் உயர் அதிகாரியின் கல்லறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ கி.மு. 1980ஐச் சேர்ந்த இக்கல்லறையின் மறைவறை ஒன்றை, 1920இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அகழாய்வாளர் ஹெர்பர்ட் வின்லாக் குழுவினர் தீப்ஸ் நகரில் கண்டறிந்தனர். வண்ணம் தீட்டிய 24 மர உருவமைப்புகள் அதில் இருந்தன. ரொட்டி சுடும் கூடம், மது வடிக்கும் கூடம், மாடு அறுக்கும் கொட்டில், தானியக் களஞ்சியம் ஆகியவை அவற்றுள் அடங்கும். அந்த ரொட்டி மரத்தாலானது. ஆனால் அதைச் செய்தவர்களின் நம்பிக்கையில், அது என்றும் தீராத ரொட்டி.

செல்வத்தின் அடையாளம்

ஐரோப்பாவில் பொம்மை வீடு குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகத் தொடங்கவில்லை. பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1550களில் செய்வித்த வீடு, பெரியவர்கள் பார்த்து வியப்பதற்கான அரும்பொருளாக இருந்தது. நியூரம்பெர்க் நகரில் 1639இல் செய்யப்பட்ட இஸ்ட்ரோமர் வீடு, ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் 1686 முதல் உருவாக்கிய அலமாரி வீடு ஆகியவை இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. நியூரம்பெர்க் பாணிச் சமையலறைகள் சொப்புப் பாத்திரங்கள் நிறைந்தவை. பிற்காலத்தில் அவை சிறுமியருக்கு இல்லறப் பாடம் சொல்லும் கருவிகளாயின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொம்மை உணவு சுண்ணச்சாந்தில் வார்க்கப்பட்டு கடைகளில் விற்கப்பட்டது. பியாட்ரிக்ஸ் பாட்டர் 1904இல் வெளியிட்ட ‘இரண்டு கெட்ட எலிகளின் கதை’ இதை வைத்தே பின்னப்பட்டது. பசியோடு பொம்மை வீட்டுக்குள் நுழையும் எலிகள், அங்குள்ள இறைச்சியை வெட்ட முடியாமல் ஏமாந்து அனைத்தையும் அடித்து நொறுக்குகின்றன. எட்வின் லட்யென்சு வடிவமைத்து 1924இல் நிறைவுற்ற அரசி மேரியின் பொம்மை வீட்டில் மதுக் கிடங்கின் சின்னஞ்சிறு குப்பிகளில் உண்மையான மதுவே நிரப்பப்பட்டது. ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்னும் 1:12 அளவில் அமைந்த அந்த வீடு இன்று வின்சர் கோட்டையில் உள்ளது.

குற்றம் நடந்த சமையலறை

பொம்மை வீட்டுக்குள் சாவை வெளிப்படையாகக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ (1878–1962). தடயங்களைக் கவனிக்கக் காவலர்களுக்குக் கற்பிக்க, 1940களில் இவர் சந்தேக மரணங்களைச் சித்திரிக்கும் குறுவடிவ அறைகளை உருவாக்கினார். இவையும் 1:12 அளவிலேயே செய்யப்பட்டன. ‘சமையலறை’ என்னும் அமைப்பில் ஒரு பெண் தரையில் இறந்து கிடக்கிறாள். பாதி தோலுரித்த உருளைக்கிழங்குகள் அப்படியே கிடக்கின்றன. சூளையடுப்பில் சுட்ட பண்டமும் அருகில் இருக்கிறது. தற்கொலை செய்யத் துணிந்தவள் இரவு உணவுக்கு ஆயத்தம் செய்வாளா என்ற கேள்வியை எழுப்புவது அந்த உணவுதான். இங்கே சிற்றுணவு அலங்காரமாக நின்றுவிடாமல் சாட்சியாகிறது. இவ்வமைப்புகளில் 18 பால்டிமோர் நகரின் மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் பயிற்சிக்குப் பயன்பட்டு வருகின்றன.

பாலிமர் களிமண்ணின் வருகை

பாலிமர் களிமண் என்பது பெயரளவில் மட்டுமே களிமண். நெகிழ்வூட்டி கலந்த பாலிவினைல் குளோரைடே (பி.வி.சி.) அதன் அடிப்படை. ஜெர்மன் பொம்மைக் கலைஞர் கேத்தே குரூசின் மகள் சோஃபி, பொம்மைத் தலைகள் செய்யத் தகுந்த பொருளைத் தேடியபோது இவ்வகைப் பிசைபொருளில் ஈடுபட்டார். ‘ஃபிஃபி’ என்னும் அவரது செல்லப்பெயரைத் தாங்கி வந்த அப்பொருளின் உரிமையை எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் 1964இல் பெற்று ‘ஃபிமோ’ என விற்றது. அதே 1960களில் அமெரிக்காவில் ‘ஸ்கல்பி’ பரவியது.

பானைக் களிமண்ணுக்குச் சூளை தேவை. பாலிமர் களிமண்ணுக்கோ ஏறத்தாழ 110 முதல் 135 பாகை செல்சியசு வெப்பம் போதும். வீட்டு மின்னடுப்பிலேயே அது இறுகிவிடும். வெப்பம் குறைந்தால் பொருள் எளிதில் உடையும். மிகுந்தால் கருகி நச்சுப்புகை வெளியேறும். இந்த எளிமை கலையின் போக்கையே மாற்றியது. அரசவைக் கைவினைஞரிடமும் பட்டறைகளிடமும் இருந்த வேலை எவர் வீட்டு மேசைக்கும் வந்தது.

அச்சம் உருவாகும் விதம்

24 செ.மீ. தட்டு இந்த அளவில் 2 செ.மீ. ஆகிறது. அதில் அடங்கும் பண்டங்களைச் செய்ய வெனிஸ் கண்ணாடிக் கலைஞர்களின் ‘மில்லெஃபியோரி’ முறை உதவுகிறது. பல நிறக் களிமண்ணைத் தடித்த உருளையாக அடுக்கி, மெல்ல இழுத்து நீட்டி, குறுக்காக நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரே உருவம் தோன்றும். எலுமிச்சைத் துண்டுக்கும் கண்விழிக்கும் இதே முறைதான். பழைய பல்துலக்கியால் தட்டினால் கேக்கின் நுண்துளைகளும், வண்ணச் சுண்ணப் பொடியைத் தடவினால் சுட்ட பழுப்பும், திரவப் பாலிமரால் குழம்பும் குருதியும் உருவாகின்றன. ஒளி ஊடுருவும் வெள்ளைக் களிமண் விரல் பிஸ்கட்டுக்குச் சதையின் வெளிறலைத் தருகிறது.

கையாளப்படும் உருவங்களுக்கும் தனி வரலாறு உண்டு. அயர்லாந்தில் தீய ஆவிகளை விரட்ட டர்னிப் கிழங்கில் முகம் செதுக்கி விளக்கு வைத்தனர். அங்கிருந்து குடிபெயர்ந்தோர் வழியாக அவ்வழக்கம் அமெரிக்காவில் பூசணிக்கு மாறியது. மெக்சிகோவில் இறந்தோர் நாளுக்கான சர்க்கரை மண்டையோடுகள் அச்சத்தைவிட அன்பின் அடையாளமாகவே செய்யப்படுகின்றன.

முக்கியத்துவம்

உண்மையான உணவு அழுகும். குறுவடிவ உணவு அழுகாது. இறந்தவருக்கு அது ஏற்றது என்று எகிப்தியர் கருதியதும், கொலை நடந்த நொடியை நிறுத்திவைக்க லீ அதைப் பயன்படுத்தியதும் இந்த இயல்பினால்தான். இன்று கட்டைவிரல் நகமளவு தட்டில் வைக்கப்படும் பேய் விருந்தும் அந்த மரபையே தொடர்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சாவைச் சிறிதாக்கி, அதைப் பார்த்துச் சிரிக்கவும் இக்கலை இடம் தருகிறது.