செய்தியைத் தடுத்த மருந்து

1954 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆந் திகதி, பொஸ்ரன் நகரிலே யோசேப் மறே என்னும் சத்திர வைத்தியர் ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார். ஒரே கருவிலிருந்து தோன்றியவர்களாதலால், உடல் அதனை அந்நியப் பொருளென்று தள்ளவில்லை. இரட்டைச் சகோதரர் இல்லாத நோயாளர் என் செய்வது? 1960களிற் கையாண்ட மருந்துகள் பெருகுங் கலங்களையெல்லாம் பொதுப்பட அடக்கின. சிறுநீரகம் பிழைத்தாலும் தொற்றுநோயாற் பலர் மாண்டனர்.

1969 இல், சுவிற்சர்லாந்தின் சண்டோஸ் மருந்து நிறுவன ஊழியர் ஒருவர், விடுமுறைக்குச் சென்றவிடத்து, நோர்வேயின் மேட்டுநிலமொன்றிற் சிறிது மண் எடுத்து வந்தார். அம்மண்ணிலிருந்த பங்கசு தந்ததே சைக்குளோஸ்போரின். அது எலும்பு மச்சையைச் சிதைக்காமலே நிர்ப்பீடனத்தை அடக்குவது 1972 இற் தெரிந்தது. கண்டவர் போறெலா, ஸ்ரேகெலினா என்ற பிணக்குப் பின்னர் நெடுநாள் நீடித்தது. இருவர்க்கும் பங்குண்டு என்பதே பொருத்தம். நீரிற் கரையாத அம்மருந்தைக் கேம்பிறிட்ஜில் கிரேக்க மருத்துவர் ஒருவர் ஒலிவ் எண்ணெயிற் கரைத்து எலிகளுக்குக் கொடுத்தார். 1978 இல் அங்கேயே றோய் கான் ஏழு நோயாளரிடம் அதன் பயனை எழுதி வெளியிட்டார். மாற்றுறுப்பைக் காத்த அம்மருந்தே சிறுநீரகத்துக்கு ஊறு செய்வதும் அக்கட்டுரையிலேயே பதிவாயிற்று. 1983 இல் அமெரிக்கா அதனை அங்கீகரித்தது.

எவ்வாறு வேலை செய்கிறதென்பது தெளிவாகுமுன்னரே பல்லாயிரம் பேர் அதனை உட்கொண்டனர். விடை 1991 இல் வந்தது. அந்நியக் கலத்தைக் கண்ட ரி கலத்தினுள்ளே கல்சியம் பெருகும். கல்சினியூரின் என்னும் நொதியம் விழிக்கும். அது ஒரு புரதத்திலிருந்து பொசுபேற்றை நீக்கக் கருவினுள்ளே அப்புரதம் நுழையும். இன்ரலூக்கின் இரண்டு என்னும் சைற்றோகைனை ஆக்கும் பரம்பரையலகு இயங்கத் தொடங்கும். சைற்றோகைன் என்பது கலங்கள் தமக்குள் விடுக்கும் தூது. 'பெருகுக' என்பதே இத்தூதின் பொருள். சைக்குளோஸ்போரின் கலத்திலுள்ள வேறொரு புரதத்தோடு சேர்ந்து கல்சினியூரினைப் பற்றிக்கொள்கிறது, தூது பிறப்பதில்லை. கலம் சாவதுமில்லை. முந்திய மருந்துகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆயின் கல்சினியூரின் ஏனைய இழையங்களிலும் உண்டு; பக்க விளைவுகள் பலவற்றுக்கு அதுவே காரணம்.

ஈஸ்ரர் தீவிலிருந்து கொண்டுவந்த மண்ணிற் கிடைத்த றப்பமைசின் இன்னொரு வகையினது. தூது பிறக்கின்றது, வந்தும் சேர்கின்றது. கேட்ட கலமோ பெருகுவதில்லை. சிறுநீரகத்துக்கு அதனால் ஊறு குறைவு; எனினும் சத்திர சிகிச்சைப் புண் ஆறத் தாமதமாகும்.