பிலிப்பைன் மாணவர் கழகமும் நாட்டு அரசியலும்

மாணவர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தல் எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. ஆயினும், ஒரு மாணவர் கழகத்தின் வரலாறு ஒரு நாட்டின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது அரிது. அவ்வருமையைப் பிலிப்பைன் தீவுகளிற் காணலாம்.

அமெரிக்கர் ஆட்சியின்போது, 1908ஆம் ஆண்டில், மணிலாவில் பிலிப்பைன் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. பத்தாண்டு கழித்து, 1918இல், அங்கே 'உப்சிலோன் சிக்மா பை' என்னும் கழகம் தோன்றியது. இப்பெயர் மூன்று கிரேக்க எழுத்துகளின் தொகுப்பு. அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து வந்த மரபு. இத்தகைய கழகங்களில் சேர்ந்தோர் ஒருவரையொருவர் 'பிராட்', அதாவது உடன்பிறந்தான், என்று வாழ்நாள் முழுதும் அழைப்பர். ஒளியைத் திரட்டுவது அதனைப் பரப்புதற்கே என்பது இக்கழகத்தின் குறிக்கோள்.

வின்சோன்சு காட்டிய வழி

இக்கழகத்தாருள் முதலில் நினைக்கத்தக்கவர் வென்செஸ்லாவ் வின்சோன்சு. 1910இல் பிறந்த இவர், மாணவராயிருந்த காலத்தில், 1932ஆம் ஆண்டு 'மலேசியா இர்ரெடெண்டா' என்னும் சொற்பொழிவை நிகழ்த்தினார். மலாய் இனத்தார் வாழும் தீவுகளும் தீபகற்பமும் அந்நியர் ஆட்சியினின்றும் விடுபட்டு ஒன்றுபட வேண்டும் என்பது அதன் சாரம். 1963இல் மலேசியா என்னும் நாடு அமைவதற்கு முப்பத்தோராண்டுகளுக்கு முன்னரே அப்பெயர் மணிலா மாணவர் ஒருவரின் நாவில், வேறு பொருளில், ஒலித்தது!

1934இல் கூடிய அரசியலமைப்புப் பேரவையில் மிக இளைய உறுப்பினரும் இவரே. ஜப்பானியர் படையெடுத்தபோது, தம் மாகாணமாகிய வட காமரினெசில் கொரில்லாப் படை திரட்டினார். 1942 ஜூலையில் பிடிபட்டார். ஜப்பானியருக்குப் பணிய மறுத்தமையால் கொல்லப்பட்டார். பல்கலைக்கழகத்தின் டிலிமான் வளாகத்தில் மாணவர் பணிகளுக்குரிய கட்டடம் இவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பிற்காலத்தில் எத்தனையோ மாணவர் ஊர்வலங்கள் அதன் படிகளிலிருந்து புறப்பட்டன.

இரு உடன்பிறப்பினர்

பெர்டினாண்ட் மார்க்கோசும் பெனிக்னோ அக்கினோவும் இதே கழகத்தைச் சேர்ந்தவர்கள். மார்க்கோஸ் 1965இல் அதிபரானார். ஆனால் அந்நாளில் மாணவர் கிளர்ச்சியின் தலைமை பழைய கழகங்களின் கையில் இல்லை. 1964இல் தோன்றிய 'கபத்தாங் மக்கபாயான்' (நாட்டுப்பற்றுள்ள இளைஞர்) போன்ற புதிய அமைப்புகள் அதனை ஏற்றன. 1970 ஜனவரி 26ஆம் நாள் பாராளுமன்றத்தின் முன் திரண்ட மாணவரைக் காவலர் அடித்து விரட்டினர். நான்கு நாள் கழித்து அதிபர் மாளிகையருகே நடந்த மோதலில் மாணவர் நால்வர் உயிரிழந்தனர். 1971 பிப்ரவரியில் எண்ணெய் விலையேற்றத்தை எதிர்த்து டிலிமான் மாணவர் சாலைகளில் தடையரண் அமைத்தனர்.

1972 செப்டம்பரில் இராணுவச் சட்டம் வந்தது. மாணவர் பேரவைகள் மூடப்பட்டன. மார்க்கோஸ் முதலில் சிறைப்படுத்தியவர்களுள் அவருடைய கழக உடன்பிறப்பாகிய அக்கினோவும் ஒருவர். ஏழாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த அக்கினோ, 1980இல் இருதய சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றார். 1983 ஆகஸ்ட் 21ஆம் நாள் தாயகம் திரும்பி, விமானத்திலிருந்து படைவீரர் இறக்கிக் கொண்டுவந்தபோதே சுடப்பட்டு மாண்டார். அச்சாவு மூட்டிய சினம், 1986 பிப்ரவரியில் மார்க்கோசை நாட்டைவிட்டே ஓடச் செய்தது.

உறவும் அறமும்

இக்கழகங்களுக்கு மறுபக்கமும் உண்டு. புதியவரை அடித்து வதைத்துச் சேர்க்கும் கொடுவழக்கம் பல கழகங்களில் வேரூன்றி, இளைஞர் உயிர்களைப் பலிகொண்டது. 1995இல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றப்பெற்றது; அது போதாமையால் 2018இல் கடுமையாக்கப்பெற்றது. தவறிழைத்தவனையும் 'உடன்பிறந்தான்' என்று மறைத்துக் காக்கும் பற்றே இக்கேடு நீடித்ததற்குப் பெருங்காரணம்.

ஒரே கழகத்தில் உறுதிமொழி கூறியோருள் ஒருவர் நாட்டுக்காக உயிர்விட்டார். ஒருவர் நாட்டையே சிறையாக்கினார். ஒருவர் அச்சிறையை எதிர்த்து மாண்டார். கழகம் உறவைத் தரலாம். அவ்வுறவினும் மேலான அறம் ஒன்றுண்டு என்பதைத் தனியே கற்பிக்க வேண்டியிருக்கிறது. மாணவர் மன்றங்களை வளர்க்கும் ஆசிரியப் பெருமக்கள் சிந்திக்கத்தக்கது இது.