கட்கியில் காயில் சுற்றிய கதை

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத கல்யாண மண்டபத்தில் ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று உறுமும்போது அந்த ஜி-யை நீட்டி வாசித்துப் பாருங்கள். இரண்டும் உரசி, வினாடிக்கு ஒரு தரம் ஒலி ஏறி இறங்கும். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்கள் உறுமல் பி-ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் விழும். கட்கியில் பழைய ஆட்கள் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காயில்) மாற்ற வந்தால் 'டோன்' பற்றி யாரும் பேசமாட்டார்கள். உறுமல் போகுமா என்பதுதான் முதல் கேள்வி.

புனேயின் வடக்கு ஓரத்தில் இருக்கிற கட்கி, 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா படை கம்பெனிப் படையிடம் தோற்ற இடம். பிறகு கன்டோன்மென்ட் ஆனது; பம்பாய் சாப்பர்ஸ் தலைமையகம் வந்தது; 1869-இல் தோட்டாத் தொழிற்சாலை வந்தது. பிழைப்பு தேடி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மேற்கத்திய வாத்தியம் எங்கள் தெருவுக்கு ராணுவ பாண்டு வழியாகவும் சர்ச் வழியாகவும் வந்தது. ஒர்க்‌ஷாப்புகள் நிறைந்த ஊர் என்பதால் லேத் ஓட்டுபவருக்கும் மோட்டார் வைண்டிங் செய்பவருக்கும் பஞ்சமில்லை. இந்தக் கதைக்கு அவர்கள்தான் முக்கியம்.

லியோ ஃபெண்டர் 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஒரே காயில்தான். காந்தத்தைச் சுற்றிய அந்தச் செம்புக்கம்பி, எஃகுக் கம்பியின் அதிர்வோடு சேர்த்து அக்கம்பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் எல்லாவற்றின் இரைச்சலையும் பிடித்துவிடும். 1957-இல் காயிலை இரண்டு பாதியாக்கினார்கள்: ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு கம்பி, சுற்றும் திசை எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். உறுமல் தன்னைத் தானே அடித்துக்கொண்டு போய்விடும், ஸ்வரம் தங்கும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனிப் பிக்கப். இரண்டு வால்யூமும் முழுசாகத் திறந்திருந்தால்தான் உறுமல் அடங்கும்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன்பின் இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு, மெல்லிசைக் குழு வைத்திருந்த எல்லோருக்கும் பேஸ் ஆள் தேவைப்பட்டது. வாத்தியம்தான் கிடைக்கவில்லை. இறக்குமதி வரியும் லைசென்ஸும் சேர்ந்து வெளிநாட்டு கிட்டாரைக் கண்ணில் காட்டாத காலம். அமெரிக்காவில் 1972-இல் டிமார்ஸியோவும் 1976-இல் ஸீமூர் டங்கனும் மாற்றுப் பிக்கப்பையே ஒரு தொழிலாக்கிவிட்டார்கள். எங்களுக்கு அவை பழைய பத்திரிகை விளம்பரங்களில் மட்டும் உண்டு. வளைகுடாவிலிருந்து யாராவது ஒன்று கொண்டுவந்தால் அதைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

ஆகவே செத்துப்போன பிக்கப் ஃபேன் வைண்டிங் கடைக்குப் போனது. பஜாரில் ஒரு மராத்திக்காரர். எல்லோருக்கும் அவர் காகா. சீலிங் ஃபேனுக்கு அவர் சுற்றுவது 36-ஆம் நம்பர் கம்பி. பிக்கப்புக்கு வேண்டியது தலைமுடியைவிட மெலிசு. இங்கே ஒரு கண்ணி உண்டு. அமெரிக்கப் பத்திரிகையில் '42 கேஜ்' என்று போட்டிருக்கும். அதை நம்பி புனேயின் புத்வார் பேட்டையில் 42 கேட்டால், கடைக்காரர் பிரிட்டிஷ் அளவில் 42 கொடுப்பார்: 0.1 மில்லிமீட்டர். அமெரிக்க 42 என்பது 0.063 மில்லிமீட்டர்தான், நம் கடைப் பேச்சில் அது 46-ஆம் நம்பருக்குக் கிட்டே. தடித்த கம்பியைச் சுற்றினால் பாதிச் சுற்றிலேயே பாபின் நிரம்பிவிடும். காகா பத்திரிகையைப் பார்க்கவே இல்லை. பழைய கம்பியின் ஒரு துண்டை ஸ்க்ரூ கேஜில் வைத்துப் பார்த்தார், 46 வாங்கிவரச் சொன்னார்.

வைஸில் கட்டிய கை டிரில், அதன் முனையில் பாபின், பக்கத்தில் பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய கவுண்டர். கம்பி அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடும். இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் மைக் மாதிரி கீச்சிடும். பிரிசிஷன் வகையில் பாதிக்கு ஏறக்குறைய பத்தாயிரம் சுற்று. முதல் தடவை இரண்டு பாதியையும் ஒரே திசையில் சுற்றிவிட்டார். இரண்டும் வெவ்வேறு கம்பிகளைக் கேட்பதால் வாசிப்பில் ஒரு குறையும் தெரியவில்லை. உறுமல் மட்டும் இரட்டிப்பானது. ஒரு பாதியின் இரண்டு வயரையும் இடம் மாற்றி பற்றவைத்ததும் சரியானது. கடைசியில் உருக்கிய மெழுகில் முக்குவார். மெழுகு சர்ச்சில் மிஞ்சிய மெழுகுவர்த்தி. அதற்கு அவர் காசு வாங்கியதில்லை.

சுற்றத் தொடங்குமுன் அவர் கேட்பது ஒன்றுதான்: "கமீ கீ ஜாஸ்த?" குறைவாகவா, அதிகமாகவா? சுற்று கூடினால் சத்தம் கூடும், மேல் ஒலி மங்கும். குறைத்தால் தெளிவு வரும், வலு போகும். அல்நிகோ காந்தமா செராமிக்கா என்பதையும் சேர்த்துக்கொண்டால், இன்றைய கேட்லாக்குகள் பத்துப் பக்கத்தில் சொல்வதில் முக்கால்வாசி இதுதான் என்பேன்.

1991-க்குப் பிறகு இறக்குமதி மெல்ல மெல்ல இளகியது. இப்போது பையன்கள் போனிலேயே வாங்குகிறார்கள். பெரிய காந்தம் வைத்த குவார்ட்டர் பவுண்ட் வகைதான் நிறையப் பேருக்கு வேண்டுமாம். கீபோர்டுக்காரர் இடது கையில் கீழ் ஸ்தாயியை நிரப்பும் குழுவில் அது வெறும் மோதல். சாதாரண அல்நிகோ பிரிசிஷனே போதும். ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு, ஒரே கூட்டுக்குள் இரண்டு காயில் அடக்கிய வகையைச் சொல்கிறேன். ஒரு வால்யூமைக் குறைத்தாலும் உறுமல் திரும்பாது. எது வாங்குவதானாலும் முதலில் கிட்டாரைத் திறந்து குழியின் நீள அகலத்தை அளக்கச் சொல்வேன். பிறகு குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி, எர்த் வயரை பிரிட்ஜோடு பற்றவைக்க வேண்டும். இவ்வளவு செய்து பார்த்த சில பேர் புதுப் பிக்கப் வாங்காமலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள்.