கீசர் போட்டதும் 'டிரிப்' ஆகுதா? கோளாறு எங்கே?

ஹைதராபாத் லங்கர் ஹவுஸில் 2022 அக்டோபரில் ஓர் இளம் தம்பதி குளியலறையில் மின்சாரம் தாக்கி உயிரிழந்தனர். கீசரில் மின்கோளாறு என போலீசார் சந்தேகித்தனர். உங்க வீட்டு கீசர் டிரிப் ஆனால், எந்த சுவிட்ச் விழுதுன்னு முதல்ல பாருங்க.

ஆர்சிசிபி ('டெஸ்ட்' பட்டன் இருப்பது) விழுந்தால்: மின்கசிவு. ஹீட்டிங் காயில் பழுதாகியிருக்கலாம். திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

எம்சிபி விழுந்தால்: ஓவர்லோடு அல்லது ஷார்ட் சர்க்யூட்.

எதுவும் விழாமல் பிளக் சூடானால்: 2,000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது. சாக்கெட், டைமர் இரண்டுமே 16 ஆம்பியராக இருக்கணும்.

வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் சரியான எர்த்தும் அவசியம். டைமர் இருந்தாலும், குளிக்கும் முன் கீசர் சுவிட்சை ஆஃப் செய்துடுங்க.