செப்பேட்டு எல்லையும் சுரங்க எல்லையும்: கம்மாபுரம் வட்டாரத்தில் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் பணி

ஊர்ச் சங்கம் ஒன்று வரலாற்றுக்கு ஆற்றக்கூடிய பணிக்குக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தக்க சான்றாகும். 1911இல் தொடங்கப்பெற்று உமாமகேசுவரனாரின் தலைமையில் வளர்ந்த அச்சங்கம், முதலாம் இராசேந்திர சோழனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேட்டுத் தொகுதியைக் காத்து வைத்தது. கே.ஜி. கிருஷ்ணனின் முழுப் பதிப்பு 1984இல்தான் வெளிவந்தது. கல்வெட்டறிஞர் கைக்கு வரும்வரை சான்று அழியாமல் இருந்ததே அச்சங்கத்தின் பெருந்தொண்டு.

சோழர் செப்பேடுகளின் பெரும்பகுதி எல்லைக் குறிப்புகளே. எந்த வாய்க்காலுக்கு மேற்கு, எந்தக் குளத்திற்கு வடக்கு என அவை விரியும். படிப்பவர்க்குச் சலிப்பூட்டும் இப்பகுதியே வரலாற்று நிலவியலுக்கு உயிர். எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் ஆய்வு, கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தியே நாட்டுப் பிரிவுகளை வரைந்தது. ஊரும் பெயரும் தொடர்ந்து நிலைத்திருக்கின்றன என்பது அம்முறையின் அடிப்படை.

நெய்வேலியைச் சூழ்ந்த கம்மாபுரம் ஒன்றியப் பகுதியில் இவ்வடிப்படையே ஆட்டங்கண்டுள்ளது. 1935இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957இல் அகழ்வு தொடங்கி, 1961இல் நிலக்கரிப் படிவம் எட்டப்பட்டது. படிவத்தின் மேலுள்ள மண் முழுவதையும் அகற்றும் திறந்தவெளிச் சுரங்கம் இது. பெயர்ந்த ஊரின் பெயரைப் புதிய குடியிருப்புக்குச் சூட்டலாம். ஏரிக்கரையையும் வண்டிப்பாதையையும் உடன் கொண்டுசெல்ல இயலாது. மேற்பரப்பில் பானையோடு கிடந்திருப்பினும் அது மண்மேட்டில் கலந்து தன் அடுக்கை இழந்துவிடும்.

செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய விருத்தாசலம் கோயிலுக்கு ஆய்வாளர் பலர் செல்வர். அக்கல்வெட்டுகளுக்குப் படி உண்டு. படியெடுக்கப்படாதவை சுற்றுப்புறச் சிற்றூர்களின் புலப்பெயர்களே. எனவே இவ்வட்டாரத்தில் அமையும் வரலாற்றுச் சங்கம் சிலைகளையும் நாணயங்களையும் திரட்டுவதற்கு முன், ஒவ்வோர் ஊரின் புல வரைபடத்தையும் கையில் கொண்டு வயல், குளம், வாய்க்கால், குலதெய்வ மேடை ஆகியவற்றின் வழக்குப் பெயர்களைப் புல எண்ணோடு பதிய வேண்டும் என்பது என் கருத்து. வருவாய்ப் பதிவேட்டில் எண் மட்டும் நிற்கும். பெயர் உழுதவர் நாவில் உள்ளது.

இப்பணிக்குப் பெருநிதி தேவையில்லை. பள்ளி ஆசிரியர் இருவரும் ஊர்ப் பெரியவர் சிலரும் போதும். காலம்தான் குறைவு. நிலமெடுப்பு அறிவிக்கை வந்தபின் தொடங்கினால் குடும்பங்கள் சிதறியிருக்கும். எல்லையை நடந்து காட்ட ஆளிராது.